குறுக்கே கை வைக்கத் தெரியாத செடிகள்

பிள்ளைகளே, சாப்பிடும்போது போதும் என்பதை எப்படிச் சொல்வீர்கள்? வாயால் சொன்னால் பரிமாறுகிற யாரும் நம்புவதில்லை. தட்டின் மேல் கையைக் குறுக்கே வைத்தால்தான் கரண்டி நிற்கும். என் மகள் ஜைனப்பும் மகன் ரியாஸும் ஒரு கையை மட்டும் வைக்க மாட்டார்கள். இரண்டு கைகளையும் விரித்துத் தட்டின் மேல் கூரை போட்ட மாதிரி மூடிக்கொள்வார்கள். விருந்துக்குப் போன இடத்தில் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அந்தப் பழக்கம் ஒரு மனிதரால் வந்தது. அவரிடம் ஒரு கை பற்றாது. விரலுக்கும் விரலுக்கும் நடுவில் இடம் தெரிந்தால் போதும், அதன் வழியாக ஒரு கரண்டி சோறு உள்ளே விழுந்துவிடும்.

எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கையில் ஒரு சாப்பாட்டு டப்பா இருக்கும் என்பதால் என் பிள்ளைகள் அவரை டப்பா அங்கிள் என்பார்கள். நான் அண்ணே என்பேன். அவர் என்னைப் பாய் என்பார்.

நாங்கள் இருவரும் புனேயில் ஒரே இடத்தில் வேலை பார்த்தோம். விஷ்ராந்த்வாடியிலிருந்து ஆளந்தி ரோட்டில் கொஞ்சம் போனால் ஒரு நர்சரி. ரோஜா, மல்லிகை விற்கிற நர்சரி இல்லை. கட்டடங்களின் தலையில் செடி வளர்த்துத் தருகிற இடம். பச்சைக் கூரை என்பார்கள். மொட்டையாக வெயிலில் காய்கிற கூரையில் செடியைப் பரப்பிவிட்டால், கீழே இருக்கிறவர்களுக்குச் சூடு குறையும். நான் டெம்போ ஓட்டுகிறவன். செடி ட்ரேக்களை ஏற்றிப் போய், மேலே தூக்கிப் பரப்பிவிட்டு வருவேன். அவர் அந்தச் செடிகளைக் கலந்து, நட்டு, உரம் போடுகிறவர்.

செடியின் பெயர் சீடம். பார்த்தால் செடி என்றே சொல்ல மாட்டீர்கள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய தடித்த இலைகள், தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். குடிக்கிற தண்ணீரை இலைக்குள்ளேயே சேமித்து வைத்துக்கொள்ளும். கூரையில் நான்கு விரல் உயரத்துக்குத்தான் மண் போடலாம், அதற்கு மேல் போனால் கட்டடத்துக்குப் பாரம். அந்த மண்ணும் நிஜ மண் இல்லை. நொறுக்கிய செங்கல்லும் தேங்காய் நார்த்தூளும் கொஞ்சம் மக்கிய உரமும்தான். அதற்குள் வேரை விட்டுக்கொண்டு ஏப்ரல் வெயிலையும் தாங்கிக் கிடக்கிற செடி இது.

இதில் பல வகை உண்டு. ஒன்று மஞ்சள் கலந்த பச்சை. ஒன்று சாம்பல் நீலம். இன்னொன்றின் நுனி சிவந்திருக்கும். ஒரே வகையைப் போட்டால், அதற்கு ஒத்துக்கொள்ளாத வெயிலோ மழையோ வந்தால் கூரை முழுக்க ஒரே நாளில் போய்விடும். அதனால் எல்லா வகையிலும் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிள்ளி எடுத்து, பெரிய தொட்டியில் போட்டுக் கலந்து, ட்ரேயில் தூவி அழுத்தி விடுவார்கள். துண்டு வேர் பிடித்துச் செடியாகும்.

அந்தக் கலவையை அவர் செய்வதைப் பார்க்க வேண்டும். சட்டைக் கையை மடித்துவிட்டு, இரண்டு கைகளையும் தொட்டியின் ஓரமாக இறக்கி, அடியிலிருந்து மேலே தூக்கித் தூக்கிப் புரட்டுவார். ஒரு துண்டு நசுங்காது. எலுமிச்சைச் சோறு கிளறுவது போல இருக்கும். ஒரு நாள் மஞ்சள் வகையில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“என்னண்ணே செய்தீங்க!” என்று கத்தினேன்.

முகத்தைச் சுளித்துத் துப்பினார். “காரமா கீது பாய். உப்பே இல்ல.”

நீங்கள் யாரும் அப்படிச் செய்யாதீர்கள். வயிற்றைக் கலக்கிவிடும். அவருக்கும் கலக்கியது.

செடிகளை அவர் ‘அது, இது’ என்று சொன்னதே இல்லை. “இவங்க இன்னும் தண்ணி குடிக்கல. அவங்க நல்லா எழுந்து உக்காந்துட்டாங்க” என்றுதான் பேசுவார். புதிதாக வந்தவர்கள் யாரோ ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மதியம், வேப்பமரத்தடியில் என் டப்பாவைத் திறந்தேன். அவர் எதிரில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

“இன்னா பாய், இவ்ளோதானா? குருவிக்கு வச்சா மாதிரி கீது.”

“எனக்கு இது போதும்ணே.”

“போதும்னு சொல்ற வயித்த நான் எவ்ளோ பாத்துகினு வந்திருக்கேன் தெரியுமா? கைய எடு.”

அவருடைய டப்பா நான்கு அடுக்கு. அது இல்லாமல் ஒரு தூக்குவாளி. நான் கையை வைத்தேன், அவர் கையைத் தட்டிவிட்டுப் போட்டார். அன்று மாலை டெம்போவை ஓட்டும்போது எனக்கு மூச்சு முட்டியது.

அவர் முன்பு புனேயில் கேம்ப் என்கிற பகுதியில் ஒரு மாணவர் விடுதியின் மெஸ்ஸில் இருந்தவர். சமைத்தவர் வேறு ஆள். பந்தி பந்தியாக வாளியும் கரண்டியும் தூக்கியவர் இவர். கேட்ட பிள்ளைக்கும் போடுவார், கேட்காத பிள்ளைக்கும் போடுவார். “அளந்து போட்டா அது ஜெயில் சோறு பாய். கரண்டி போட்டப்புறம் மேல கொஞ்சம் வைக்கணும். அந்தக் கொஞ்சம்தான் சோறு” என்பார். விடுதியை மூடிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் எல்லாம் எங்கெங்கோ வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருவர் பெயரும் அவருக்கு நினைவில்லை. பசி மட்டும் நினைவிருந்தது.

“ஒருத்தன் கண்ணாடி போட்டிருப்பான். ரசத்த மூணாவது வாட்டி கேப்பான். இன்னொருத்தன் மோருக்கு மட்டும் சோத்த மிச்சம் வைப்பான். துபாய்ல பெரிய ஆளாம் இப்ப.”

“பேரு என்னண்ணே?”

“பேரு... பேரு தெர்ல பாய். மோரு.”

நர்சரியில் துண்டு கிள்ளுகிற பெண்கள் எல்லாரும் மராத்திக்காரர்கள். அவர்களில் சுனந்தா என்றொரு அம்மாள் வாய்த்துடுக்கானவர். அண்ணன் சோற்றை நீட்டும்போதே “பஸ் மாமா, பஸ்!” என்று எழுந்து ஓடுவார். போதும், போதும் என்று அர்த்தம். ஒரு திங்கட்கிழமை தப்பிக்க வழி கண்டுபிடித்தார். “இன்றைக்கு எனக்கு உபவாசம் மாமா” என்றார். மராத்திப் பெண்கள் அடிக்கடி விரதம் இருப்பார்கள். அண்ணன் வாடிய முகத்தோடு டப்பாவை மூடினார். அடுத்த திங்கள் ஐந்தாவதாக ஒரு டப்பா வந்தது. உள்ளே ஜவ்வரிசியும் வேர்க்கடலையும் போட்டுக் கிளறிய கிச்சடி. விரதத்துக்கு அவர்கள் சாப்பிடுகிற பண்டம். யாரிடமோ கேட்டுச் செய்திருக்கிறார். சுனந்தா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“மாமா, நான் எந்தச் சாமியிடம் போய் முறையிடுவது?” என்று ஹிந்தியில் கேட்டார்.

“முதல்ல துன்னு. அப்புறம் போ” என்று அண்ணன் தமிழிலேயே சொன்னார். சுனந்தாவுக்கு அது புரிந்துவிட்டது.

எங்கள் நோன்பு மாதத்தில் அண்ணன் படும் பாட்டைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். நான் பட்டினியாக ட்ரே தூக்குவதைப் பார்க்கச் சகிக்காமல் நார்த்தூள் மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு வருவார். சாயங்காலம் டெம்போ சீட்டில் ஒரு டப்பா இருக்கும். “நோன்பு தொறக்கற நேரத்துக்கு டிராஃபிக்ல மாட்டிக்குவ பாய். வச்சிக்கோ.” அப்படி மாட்டியிருக்கிறேன். யெரவாடாப் பாலத்தின் மேல் வண்டிகளுக்கு நடுவில் அவருடைய டப்பாவைத் திறந்து நோன்பு திறந்திருக்கிறேன்.

ஒரு முறை ஆட்டோ கிடைக்காத மழை நாளில் அவரை வீட்டில் இறக்கிவிடப் போனேன். கேம்ப்பில் தேவாலயத்துக்குப் பின்புறச் சந்தில் ஒற்றை அறை. உள்ளே கூப்பிட்டார். பத்துப் பேருக்கு ஆக்குகிற அண்டா ஒன்று அடுப்பின் பக்கத்தில் இருந்தது. அலமாரியில் இரண்டு தட்டுகள். ஒன்று கழுவிக் கழுவிக் கீறல் விழுந்து மங்கிப் போயிருந்தது. இன்னொன்று கடையில் வாங்கியது போலவே பளபளத்தது. கல்யாணமாகி மனைவி சீக்கிரமே இறந்துவிட்டாள், பிள்ளை இல்லை என்றார். அதைச் சொல்லிக்கொண்டே பேக்கரியில் வாங்கிய, பால்கோவா போட்டுச் சுட்ட மாவா கேக்கை எடுத்து அந்தப் பளபளக்கிற தட்டில் வைத்து நீட்டினார்.

நான் சாப்பிட்டு முடிக்கிறவரை நின்றுகொண்டே இருந்தார்.

“நீங்களும் உக்காருங்கண்ணே.”

“நீ துன்னு. நான் பாக்கறேன்.”

அதன் பிறகு போன தடவைகளிலும் அந்த அறையில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்ததே இல்லை.

இப்போது உரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீடத்துக்கு உரம் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டைகளாக வரும். மெல்லக் கரையும். எங்கள் நர்சரியை நடத்துகிற மேடம் ஒரு வெள்ளை மூடியைக் கொடுத்திருந்தார். ஒரு ட்ரேக்கு ஒரு மூடி, வருஷத்துக்கு ஒரு தடவை. மூடியில் அள்ளி, மேலே விரலால் வழித்துச் சமமாக்கித் தூவ வேண்டும்.

அண்ணன் அள்ளுவார், வழிப்பார், தூவுவார். அப்புறம் மூட்டைக்குள் கையைவிட்டு மேலே கொஞ்சம் வைப்பார்.

“அண்ணே, மேடம் ஒரு மூடின்னு சொன்னாங்கல்லா?”

“போட்டேனே மூடி. இது மேல கொஞ்சம்.”

“அதுக்குத் தாங்காதுண்ணே.”

“யாருக்குச் சாப்பாடு தாங்காது? சொல்லு.” சிரித்துவிட்டு அடுத்த ட்ரேக்குப் போய்விடுவார்.

அந்த வருஷம் ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையின் கேன்டீன் கூரை எங்களுக்கு வந்தது. அதுவரை நாங்கள் செய்ததிலேயே பெரிய கூரை அதுதான். கீழே ஆயிரக்கணக்கில் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம். அதன் தலைக்கு மேல் நம் செடிகள். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப் போனது. “கீழயும் பந்தி, மேலயும் பந்தி பாய்” என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். வாசல் காவலாளி எங்கள் வண்டியை ஒவ்வொரு நாளும் நிறுத்தி எல்லாவற்றையும் இறக்கிக் காட்டச் சொல்வார். அண்ணன் இறங்கிப் போய் “கானா ஹுவா, பையா?” என்று கேட்டார். சாப்பாடு ஆச்சா என்று. ஆகவில்லை. எலுமிச்சைச் சோறு கை மாறியது. மறுநாளிலிருந்து வண்டியைப் பார்த்ததும் கேட் தானாகத் திறந்தது.

ட்ரேக்களைப் பரப்பி முடித்து, கோடையின் கடைசியில் ஒரு சுற்று உரம் போட்டோம். மேலே கொஞ்சமும் போட்டார். அந்தக் கூரையில் அவருடைய ‘கொஞ்சம்’ இன்னும் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. இடையில் ஒரு தூறல் விழுந்தது. சீடம் பொங்கி எழுந்தது பாருங்கள்! நான் அப்படிப் பார்த்ததில்லை. இலையெல்லாம் தளதளவென்று, தண்டெல்லாம் ஒரு சாண் நீண்டு, கூரை முழுக்கப் பச்சை மெத்தை. தொழிற்சாலைக்காரர்கள் மேலே ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அண்ணனையும் நடுவில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார்கள். வெட்கத்தில் அவர் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

மேடம் மட்டும் குனிந்து ஒரு தண்டைத் தொட்டுப் பார்த்தார்.

ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. வானம் கொஞ்சம் வெளுத்ததும் நானும் அண்ணனும் போய்ப் பார்த்தோம். ஏணியில் பாதி ஏறும்போதே நாற்றம் அடித்தது. அழுகின கீரைக்கட்டு நாற்றம்.

கூரை பழுப்பாகக் கிடந்தது. நீண்டு வளர்ந்த தண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று சரிந்து, இலைகள் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டால் கூழாய் வழிந்தன. தின்று தின்று சதை வைத்த செடியால் அத்தனை ஈரத்தைத் தாங்க முடியவில்லை. அவர் உட்கார்ந்து ஒரு கொத்தை மெதுவாகத் தூக்கினார். வேர் வரவில்லை. மேல்பாதி மட்டும் கையோடு வந்தது.

“நல்லாத்தானே சாப்ட்டுகினு இருந்தாங்க” என்றார்.

கீழே கேன்டீனில் மதியச் சாப்பாட்டுச் சத்தம் கேட்டது. ஆயிரம் தட்டு, ஆயிரம் கரண்டி.

மேடம் மறுநாள் உர மூட்டைகளைப் பார்த்தார். வருஷம் முழுக்க வர வேண்டிய மூட்டைகள் தட்டையாகக் கிடந்தன. அவர் கோபித்துக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கூரை முழுவதையும் எங்கள் செலவில் மறுபடி போட்டுத் தர வேண்டும் என்று தொழிற்சாலை சொல்லிவிட்டது. வேறு முதலாளியாக இருந்தால் அன்றே ஆளை அனுப்பியிருப்பார்கள். மேடம் அவரை ஸ்டூலில் உட்காரவைத்து ஹிந்தியில் நிதானமாகப் பேசினார்.

“மாமா, இது பசியோடு இருந்தால்தான் உறுதியாக வளரும். பாறை இடுக்கில் வாழ்கிற செடி.”

“பசியில யாரு மேடம் வளருவாங்க?” என்று அவரும் ஹிந்தியில் கேட்டார். எதிர்த்துப் பேசவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மேடம் உர மூட்டையின் வாயை இழுத்துக் கட்டினார். “நீங்கள் வழக்கம்போலக் கலவை செய்யுங்கள். உரத்தை இனிமேல் பாய் போடட்டும்” என்றார்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து அந்த வெள்ளை மூடியை எடுத்து வேட்டியில் துடைத்து என்னிடம் கொடுத்தார். “மனுசன்னா கைய குறுக்க வைப்பான் பாய். இவங்களுக்குக் கை இல்லையே. நான் எப்டி கண்டுபுடிப்பேன்?”

மறுநாள் மதியம் வேப்பமரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்தோம். பெண்கள் ஒவ்வொருவரும் ஒன்றிரண்டு சப்பாத்தியை வெளியே எடுத்தார்கள், அவ்வளவுதான். பஸ், பஸ் என்று ஓடினவர்கள் எல்லாரும் எப்போதோ குழம்பு கொண்டுவருவதையே நிறுத்தியிருக்கிறார்கள். அன்றுதான் அது எனக்குத் தெரிந்தது. சுனந்தா தன் டப்பா மூடியைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அண்ணன் வந்தார். கையில் ஓரடுக்கு டப்பா. எங்களைத் தாண்டிப் போய், செங்கல் குவியலின் அந்தப் பக்கம் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

“மாமா, இன்றைக்கு என்ன?” என்று சுனந்தா கூப்பிட்டார்.

“இன்னிக்கு இல்ல.”

சுனந்தா எழுந்து அவரிடம் போய் நின்றார். “மாமா, எனக்கு நிஜமாகவே பசிக்கிறது. உபவாசம் இல்லை, சத்தியமாக இல்லை.”

அவர் தன் டப்பாவை அப்படியே தூக்கி சுனந்தாவின் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். சுனந்தா அதைச் சாப்பிடவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் தெரியவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அப்படியே நாட்கள் போயின. கலவை மட்டும் செய்தார். அடியிலிருந்து மேலே, நசுக்காமல். உரம் போடுகிற நாளில் கொட்டகைப் பக்கமே வர மாட்டார். வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று ஒருநாள் மெதுவாகச் சொன்னார். நான் என் மனைவியிடம் சொன்னேன்.

“இங்க கூட்டியாங்க. நம்ம கையால ஒரு வாய் சாப்பிட்டா மனசு ஆறும்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். நெய்ச்சோறும் கறிக்குழம்பும். பிள்ளைகள் வழக்கம்போலத் தட்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என் மனைவி அவருக்கு ஒரு அகப்பை போட்டாள். இரண்டாவது அகப்பைக்குக் குனிந்தாள்.

அவர் தட்டின் மேல் கையைக் குறுக்கே வைத்தார்.

“போதும்மா.”

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். பிள்ளைகள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

“அண்ணே, கைய எடுங்க. அரை அகப்பைதான் போடுதேன்.”

“வேணாம்மா. போதும்.”

ஜைனப் அப்போது இரண்டாம் வகுப்பு. அவள் என்ன நினைத்தாளோ, தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அகப்பையை அவரிடம் நீட்டினாள். “அங்கிள், எனக்கு நீங்க போடுங்க.”

வாங்கினார். சோற்றை அள்ளினார். விரலால் மேலே வழித்துச் சமமாக்கினார். அவள் தட்டில் வைத்துவிட்டு, அடுத்தது வைக்கலாமா என்று கேட்பது போல என் முகத்தைப் பார்த்தார்.

“போடுங்கண்ணே. அவ போதும்னா கை வைப்பா.”

அகப்பை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதைச் சட்டியிலேயே வைத்துவிட்டார்.

“வேணாம் பாய். எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெர்ல.”

ரஞ்சன்காவ் கூரையை மறுபடி போட்டு முடித்த கையோடு அவர் வேலையை விட்டுவிட்டார். முழங்கால் வலி, ஏணி ஏற முடியவில்லை என்று மேடத்திடம் சொன்னார். கொஞ்ச காலம் அந்தச் சந்து வீட்டிலேயே இருந்தார். பிறகு அவருடைய தேவாலயத்துச் சபைக்காரர்கள் சோலாப்பூர் ரோட்டுப் பக்கம் தாங்கள் நடத்துகிற முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். அண்டாவை என்ன செய்தார் என்று தெரியவில்லை.

போன மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். என் மனைவி டப்பா நிறைய எலுமிச்சைச் சோறும் கறியும் கட்டிக் கொடுத்தாள். நல்ல இடம். சுத்தமாக இருக்கிறது. பேசுகிறவர்களும் அன்பாகப் பேசுகிறார்கள். நாங்கள் போன நேரம் சாப்பாட்டு மணி அடித்தது. நீளப் பெஞ்சியில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். தட்டுக்கு ஒரு கரண்டி சோறு, ஒரு கரண்டி பருப்பு. நிறையப் பேர் இருக்கிற இடத்தில் அப்படித்தான் முடியும். பரிமாறுகிற பெண் வேகமாகப் போட்டுக்கொண்டே போனாள். அண்ணன் தட்டிலும் ஒரு கரண்டி விழுந்தது. அவர் அண்ணாந்து அவளைப் பார்த்தார். அவள் அதற்குள் அடுத்த தட்டுக்குப் போய்விட்டாள்.

நாங்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். கொஞ்சம் மெலிந்திருந்தார். ஜைனப்பின் தலையைத் தடவினார். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது இதைத்தான்.

“அவங்க எப்டி கீறாங்க? ரஞ்சன்காவ்ல?”

“நல்லாருக்காங்கண்ணே. மூணு மழை பார்த்துட்டாங்க.”

“எவ்ளோ போடற?”

“ஒரு மூடிண்ணே.”

“வழிச்சா?”

“வழிச்சுத்தான்.”

தலையை ஆட்டினார். “வளந்திருக்காங்களா?”

“குட்டையாத்தான் இருக்காங்க. வெயில் காலத்துல நுனியெல்லாம் செவந்துரும். தூரத்துல இருந்து பார்த்தா கம்பளம் விரிச்ச மாதிரி இருக்கும்.”

“பசியில செவக்கறாங்க” என்றார். தட்டில் இருந்த ஒரு கரண்டிச் சோற்றை விரலால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தார்.

ஜைனப் டப்பாவைத் திறந்தாள். இப்போது அவள் பெரிய பெண், கரண்டி பிடிக்கத் தெரியும். எழுந்து நின்று, அவருடைய தட்டில் ஒரு கரண்டி எலுமிச்சைச் சோறு வைத்தாள். மேலே கொஞ்சம் வைத்தாள். அவர் சாப்பிட ஆரம்பித்தார். நான் அவர் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுவதை அன்றுதான் பார்க்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். தட்டு காலியாக ஆக ஜைனப் போட்டாள். ரியாஸ் கறியை எடுத்து வைத்தான். எப்போது கை வரும், எப்போது போதும் என்பார் என்று நாங்கள் மூன்று பேரும் அவர் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெஞ்சியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தட்டுக் கழுவப் போனார்கள். டப்பாவின் அடியில் கரண்டி சுரண்டுகிற சத்தம் கேட்டது. அந்தக் கை அவர் மடியிலேயே இருந்தது.